கோர்தோபாவில் வெறுங்கால்

குளிர்கிறது. அப்பாடா, குளிர்கிறது. வாசற்படி தாண்டி உள்ளே வைத்த முதல் அடியிலேயே வலது உள்ளங்காலில் புகுந்த குளிர் ஒரே ஓட்டமாக ஏறி முழங்காலுக்குப் பின்னால் வந்து நின்றது, சிரித்துவிட்டேன், சத்தமாகவே. முன்னால் போய்க்கொண்டிருந்த ஜப்பான் பெரியவர் ஒருவர் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். நானும் குனிந்து என் காலைப் பார்த்தேன், பிறகு அவர் காலை, பிறகு அவரைச் சுற்றிப் போகிற கால்களை. கான்வாஸ், தோல், குதி உயர்ந்தது, நடுவில் உருண்டு போன ஒரு குழந்தை வண்டி. எல்லாம் ஷூவும் செருப்புமாகவே போகின்றன. இத்தனை பெரிய கூடத்தில் வெறுங்காலோடு நிற்பது நான் ஒருத்திதான். வெளியே ஆரஞ்சு மரங்கள் வரிசை வரிசையாக நிற்கிற முற்றம், மரத்துக்கு மரம் தண்ணீர் போக கல்லில் வாய்க்கால் வெட்டிவிட்டிருக்கிறார்கள், அதில் மூன்றாம் வரிசை இரண்டாம் மரம், அதன் தூரில் என் செருப்பு இரண்டையும் ஜோடியாகச் சாத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திருச்செந்தூர்க் கூட்டத்தில் அடையாளம் வைக்கிற மாதிரி வரிசையை வேறு எண்ணி மனசில் குறித்துக்கொண்டேன். கழற்று என்று யாரும் சொல்லவில்லை. கழற்றாதே என்று சொல்ல ஹெலன் பக்கத்தில் இல்லை. "ஏட்டி வடிவு, நீ முன்ன போ, எனக்கு அவசரம், பாத்ரூம் போயிட்டு வந்துருதேன், உள்ள எங்கயாவது தொலஞ்சு கிலஞ்சு போயிராத" என்று டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அந்த வரிசையில் ஒரு பஸ் நிறைய ஜெர்மன்காரிகள் நிற்கிறார்கள். அரை மணி நேரமாவது ஆகும். அரை மணி நேரம், எனக்கே எனக்கு.

பழக்கம், அவ்வளவுதான். கோயில் என்றால் கால் தானாகக் கழற்றிக்கொள்ளும். வேளாங்கண்ணியில் கழற்றினேன், ஏர்வாடி தர்காவில் கழற்றினேன், மஸ்கட்டில் இருந்த பத்தொன்பது வருஷமும் பெரிய பள்ளிவாசலைப் பார்க்க வருகிற ஒவ்வொரு சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கழற்றினேன். இது மசூதியாகக் கட்டிய இடம், பிறகு ஊர் கைமாறித் தேவாலயமானது, நடுவில் கூரையைப் பிளந்து ஒரு முழு தேவாலயத்தையே எழுப்பி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கும்பிடுகிற இடம்தான், பின்னே கால் எப்படிக் கேட்கும். பழக்கம் என்கிறேனே, அது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியை இப்போது யோசிக்க வேண்டாம். இப்போது இந்தத் தூண்கள். அடேயப்பா. ஒரு தூணுக்குப் பின்னால் ஒரு தூண், அதற்குப் பின்னால் இன்னொன்று, தலையைக் கொஞ்சம் சாய்த்தால் நேர்வரிசையாக நின்றதெல்லாம் குறுக்குவரிசைக்கு ஓடிப்போகிறது, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் இன்னொரு சந்து திறக்கிறது, பள்ளிக்கூடத்து அசெம்பிளியில் டிரில் மாஸ்டர் விசில் ஊதினால் பிள்ளைகள் அணி மாறுமே, அதே மாதிரி, ஆனால் சத்தமே இல்லாமல். மேலே வளைவுக்கு மேல் வளைவு, இரண்டடுக்கு, ஒரு கல் சிவப்பு ஒரு கல் வெள்ளை, ஒரு கல் சிவப்பு ஒரு கல் வெள்ளை. எங்கேயோ பார்த்திருக்கிறேன் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனசு அடித்துக்கொள்கிறது, எங்கே, ஆ, கோயில் மதில்! நம்ம ஊர்க் கோயில் மதிலில் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடிப்பார்களே, அந்த மதிலை யாரோ மேலே தூக்கி, ஈர மண்ணை வளைக்கிற மாதிரி வளைத்து, தூண்களின் தலையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஹெலன் வந்ததும் சொல்ல வேண்டும். மறந்துவிடக் கூடாது. மதில், மதில், மதில்.

முப்பத்து நாலு வருஷம். ஒன்பதாம் வகுப்பில் ஹெலனும் நானும் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த ஊர்கள்: லிஸ்பன், செவில், கோர்தோபா, கிரனாடா, நேப்பிள்ஸ், ரோம், ஏதென்ஸ். எட்டாம் வகுப்பு வரை நான் தமிழ் மீடியம். அந்த ஊர்களைத் தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷில் திரும்பப் படித்தேன். தமிழில் படித்தபோது அவை கதையில் வருகிற ஊர்கள், இங்கிலீஷில் படித்தபோது விமானம் போகிற ஊர்கள். அந்த வித்தியாசம்தான் என் வயிற்றுக்குள் ஒரு பொறியை வைத்தது என்று நினைக்கிறேன். ஹெலன் முதல் பெஞ்சு, நான் அவளுக்குப் பக்கம், இங்கிலீஷ் வராமல் நான் விழித்தபோதெல்லாம் தொடையில் கிள்ளிப் பதில் சொல்லிக்கொடுத்தவள். அப்புறம் அவள் பாளையங்கோட்டையிலேயே பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர் ஆனாள், நான் கல்யாணமாகி மஸ்கட் போய் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்தேன். ஊர் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. திரும்பிய மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனால் எடுத்த எடுப்பில், "என்னட்டி, எப்பம் போறோம்?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கண் கலங்கி, பிறகு சிரித்து, அவள் போட்டுக் கொடுத்த காப்பியில் அவளே சர்க்கரையைக் கொட்டிவிட்டு, "ஐயோ சவம், ஒனக்குச் சுகருல்லா" என்று சிங்க்கில் ஊற்றினாள். லிஸ்பன் முடிந்தது. செவில் முடிந்தது. இது மூன்றாவது. இன்னும் நாலு ஊர். நாலு. அந்த நாலைத்தான் என்னால் விட முடியாது, அதற்காகத்தான் இந்தக் கால் விஷயத்தை யாரிடமும், சரி, சொல்லிவிடுகிறேன், இங்கே எனக்குள்தானே, யாருக்குக் கேட்கப்போகிறது.

செவிலில் நேற்று சாயங்காலம். ஹோட்டல் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, நாள் முழுக்க நடந்த காலை உள்ளே விட்டேன். வலது கால் துள்ளி வெளியே வந்துவிட்டது, அவ்வளவு சூடு. இடது கால் உள்ளேயே இருந்தது. அதற்கு அது தண்ணீர், அவ்வளவுதான். சூடான தண்ணீர் இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, யாரோ தூரத்தில் நின்று தண்ணீர் தண்ணீர் என்று சொல்கிற மாதிரி. பதறி வெளியே எடுத்தேன், கணுக்கால் வரை சிவந்திருந்தது. ஹெலன் வெளியே கட்டிலில் உட்கார்ந்து மகனிடம் போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே, அந்த ஈரத் துண்டின் மேல் நின்றுகொண்டு, எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டினேன். நாளைக்குக் கோர்தோபா. அந்தக் கூடத்தில் பளிங்குத் தரை என்று போட்டிருக்கிறது. செருப்பைக் கழற்றி நிற்பேன். இரண்டு காலும் குளிர்கிறது என்று சொன்னால் ஒன்றும் இல்லை, வெந்நீர் விஷயம் என் கற்பனை, நாலு ஊரும் பார்க்கலாம். இடது கால் சொல்லவில்லை என்றால் ஹெலனிடம் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே. ஆக, பழக்கம் என்றேனே அதில் மிச்சக் கால்வாசி இதுதான். என் கை செருப்புப் பட்டையை அவிழ்த்தது பழக்கத்தில்தான், சத்தியம், ஆனால் அவிழ்க்கிறபோது மனசு வேண்டாம் என்று சொல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றது.

சரி, இடது கால். என்ன சொல்கிறது? நிற்கிறேன். ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு, வலதைக் கொஞ்சம் தூக்கி, முழு எடையையும் இடதில் போட்டு நிற்கிறேன். குதிகால், ஆம், தெரிகிறது, சந்தேகமே இல்லை, குளிர்கிறது. குதிகாலும் கால்தானே. கால் குளிர்ந்தது என்றால் குதிகால் குளிர்ந்தாலும் குளிர்ந்ததுதானே. பந்தயம் கட்டும்போது முழுப் பாதம் என்று சொல்லவில்லையே. நடுப்பாதம், அங்கே வளைவு இருக்கிறது, அது தரையில் படாது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முன்பாதம். விரல்கள். கேட்கிறேன், உடம்பு பூராவையும் காதாக்கிக் கேட்கிறேன். ஏதோ இருக்கிறது. இருக்கிறதா? கனம் மாதிரி ஒன்று. சாக்ஸ் போட்டுக்கொண்டு மேலே இன்னொரு சாக்ஸ் போட்ட மாதிரி. குளிர் என்று சொல்ல முடியுமா, குளிருக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாமா. தூணை மாற்றிப் பார்க்கலாம், அந்தக் கல் வெயில் பட்ட கல்லாக இருக்கும். இங்கே எங்கே வெயில். அடுத்த தூண். இது கறுப்பு, அது ரோஜா நிறம், இன்னொன்று நீலம் கலந்த சாம்பல், ஒன்றைப் போல் ஒன்று இல்லை, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்து நிறுத்திய தூண்களும் இதில் உண்டாம். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு எப்படியோ மேலே சமமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான் கொத்தன், கெட்டிக்காரன், அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். என் உள்ளங்கை ஒவ்வொரு தூணிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. வழுவழுப்பு, சொரசொரப்பு, ஒரு சின்னப் பள்ளம், ஒரு கீறல், கை எல்லாவற்றையும் வாசிக்கிறது. கை இவ்வளவு புத்திசாலியாக இருக்கும்போது காலுக்கு மட்டும் என்ன கேடு.

இங்கிலீஷில் அதற்கு நம்ப்னஸ் என்று பெயர். லேபில் வருகிற சீட்டுகளில் டாக்டர்கள் எழுதி அனுப்புவார்கள், சுத்தமான சொல், பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்த மாதிரி. அந்தச் சொல்லைப் பத்தொன்பது வருஷம் படித்திருக்கிறேன், ஒருநாள்கூடப் பயந்ததில்லை. ஊருக்கு வந்த பிறகு, தை மாசம், செவ்வாய்க்கிழமைச் சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்து படியேறும்போது எதிர்வீட்டுச் செண்பகம், "அக்கா, ஒத்தச் செருப்போட வாறீங்க" என்று கத்தினாள். பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. தெருக் கடைசி வரை திரும்பி நடந்து போனேன், பால் பூத் முன்னால் கிடந்தது. அவ்வளவு தூரம் தார்ரோட்டில் ஒற்றைக் காலை வெறுமையாக வைத்து நடந்திருக்கிறேன், காலுக்குத் தெரியவில்லை. அப்போது எனக்குள் வந்த சொல் இங்கிலீஷ் இல்லை. மரத்துப்போச்சு. கால் மரத்துப்போச்சு. அந்தச் சொல்லுக்குத்தான் பயந்தேன். மறுநாள் டாக்டரிடம் போனேன். போனது வேறு காரணம், மாத்திரை தீர்ந்துவிட்டது. அவர் வழக்கப்படி காலைப் பார்க்கிறேன் என்று கண்ணை மூடச் சொன்னார், நைலான் இழை ஒன்றை எடுத்து உள்ளங்காலில் அங்கங்கே வைத்து, "படுதாம்மா? இப்ப படுதா?" என்று கேட்டார். நான் கண்ணை முழுசாக மூடவில்லை. இமையிடுக்கில் அவர் தோள் அசைவது தெரிந்தது. தோள் முன்னால் வரும்போதெல்லாம் படுது என்றேன். படுது. படுது. படுது. பத்துக்குப் பத்து. "நல்லாருக்கு, ஆனா வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுதிக்கொடுத்தார். மற்றவர்கள் ரத்தத்தை அரைப்புள்ளி பிசகாமல் சோதித்துக் கையெழுத்துப் போட்ட கை என்னுடையது. என் பரீட்சையில் நான் காப்பியடித்தேன். எதற்கு? பரீட்சை என்றால் எனக்குத் தோற்கத் தெரியாது, அது ஒன்று. டிக்கெட் போட்டாகிவிட்டது, அது இன்னொன்று. மூன்றாவது, பெரிய மாமா.

பெரிய மாமாவை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். இவ்வளவு அழகான இடத்தில். ஆனால் வந்துவிடுகிறார். அவருக்கும் சுகர். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். ஆணி குத்தியது தெரியாமல் இரண்டு நாள் நடந்திருக்கிறார். அப்புறம் மிச்ச நாலு விரல். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வார்டில் போய்ப் பார்த்தபோது போர்வை அந்த இடத்தில் சப்பென்று படுத்திருந்தது, அதைப் பார்க்காமல் இருக்க நான் ஆரஞ்சுப்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, மாமா சிரித்து, "போதும்டி, நான் என்ன கல்யாண வீடா நடத்துதேன்?" என்றார். நல்ல மனுஷர். அதற்குப் பிறகு அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. ஜங்ஷன் வரைகூடப் போகவில்லை. விட்டுவிடு, வடிவு. அங்கே பார், தூண் காட்டுக்கு நடுவில் திடீரென்று வெளிச்சம், கூரை உயர்ந்து உயர்ந்து, வெள்ளை வெளேரென்று தேவாலயம், அந்த மங்கலுக்குள்ளிருந்து நிமிர்ந்தால் கண் கூசுகிறது, ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு குடியேறி இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நூற்றாண்டுக் கணக்காகக் குடித்தனம் பண்ணுகிறார்கள். உடம்பு சிலிர்க்கிறது. கழுத்து, தோள், கை எல்லாம் புல்லரிக்கிறது. இவ்வளவு சிலிர்க்கிற உடம்பில் ஒரு துண்டு மட்டும் சிலிர்க்காமல் இருக்குமா, இருக்காது, இதோ இன்னொரு தடவை, விரல்களை மடக்கி விரித்து, இருக்கிறது, ஏதோ இருக்கிறது.

"சென்யோரா." நீலக் கோட்டுப் போட்ட காவல்காரப் பெண். என் காலைக் காட்டி ஏதோ சொல்கிறாள், சபாத்தோஸ், சபாத்தோஸ் என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ஷூவாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வாயில் இங்கிலீஷ் வரவில்லை. அரபி வந்தது. மஸ்கட் கடைவீதி அரபி. "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்" என்றேன், ஒன்றும் பிரச்சினை இல்லை என்று. சொன்ன பிறகுதான் உறைத்தது, ஒரு காலத்தில் ஊரே அரபி பேசின கூடத்தில், கழற்றாமல் உள்ளே வரவே முடியாத கூடத்தில், கழற்றியதற்காக ஒரு பாளையங்கோட்டைக்காரி அரபியில் சமாதானம் சொல்கிறாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் முதலில் முறைத்தாள், பிறகு நான் சிரிப்பதைப் பார்த்து அவளுக்கும் உதடு துடித்தது, வெளியே வாசலைக் காட்டி, என்னைக் காட்டி, போ, போட்டுக்கொண்டு வா என்கிற மாதிரி சைகை செய்துவிட்டு, கூட்டத்தில் யாரோ பிளாஷ் அடித்ததைக் கண்டு அந்தப் பக்கம் ஓடினாள். வெளியே போனால் இந்த டிக்கெட்டுக்குத் திரும்ப விட மாட்டார்கள். போக மாட்டேன்.

"ஏட்டி வடிவு!" தூண்களுக்கு நடுவிலிருந்து ஹெலன் வருகிறாள், மூச்சு வாங்க, தோள்பையை முன்பக்கம் போட்டு இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு. திருடர்களைப் பற்றி யூடியூப்பில் பார்த்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறாள். "அந்த ஜெர்மன்காரிய உள்ள போனா குடும்பம் நடத்திட்டுத்தான் வாறாளுவ. என்னட்டி இது, எங்க பாத்தாலும் தூணு, நான் ஒன்னத் தேடி ஒரே தூண மூணு தடவ சுத்திட்டேன்" என்றவள் பேச்சை நிறுத்திக் குனிந்தாள். "செருப்பு எங்க?"

"வெளிய. மரத்தடியில."

"எதுக்கு?"

"பழக்கம் ஹெலன். கோயில்னு நெனச்சுக் கால் கழட்டிட்டு."

"கிறுக்கி. இது என்ன நெல்லையப்பர் கோயிலா? சாமி இருக்காரோ இல்லையோ, செருப்புத் திருடன் இருப்பான். டாக்டர் ஒனக்கு என்ன சொல்லிருக்காரு, வீட்டுக்குள்ளயே போட்டுக்கிடணும்னு சொன்னாரா இல்லையா? அண்ணன் ஏர்போர்ட்ல எங்கிட்ட என்ன சொல்லி விட்டாரு?" அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. "வா, போட்டுட்டு வருவோம்."

"வெளிய போனா திரும்ப விட மாட்டான். பாத்துட்டே போயிருவோம். குளுகுளுன்னு இருக்குட்டி, எவ்ளோ சொகமா இருக்கு தெரியுமா."

சொகமா இருக்கு. அந்தச் சொல் வாயிலிருந்து எவ்வளவு லேசாகப் போகிறது. பந்தயம் என்ன ஆயிற்று? ஜெயித்தேனா, தோற்றேனா? குதிகால் ஜெயித்தது. விரல்கள் இன்னும் பேப்பரைத் திருத்தவில்லை. ரிசல்ட் வராத பரீட்சையைத் தோற்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குக் கிரனாடா, அங்கேயும் பளிங்கு இருக்கும், அங்கே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். ஹெலன் என் முழங்கையைக் கோத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூட்டத்தோடு கூட்டமாக உள்கோடிக்குப் போகிறோம், தொழுகைத் திசை காட்டுகிற அந்த மாடத்துக்கு. கம்பித் தடுப்புக்கு வெளியே முண்டியடிக்கிறார்கள். இடித்துப் புகுந்து முன்னால் போய்விட்டோம், அதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா. நிமிர்ந்தேன். தங்கம். லாடம் மாதிரி ஒரு வளைவு, அதைச் சுற்றித் தங்கத்திலும் நீலத்திலும் பச்சையிலும் பொடிப்பொடிக் கண்ணாடித் துண்டுகள், கொடியும் பூவும் எழுத்துமாக, நான் கொஞ்சம் அசைந்தால் ஒரு பக்கம் அணைந்து மறு பக்கம் எரிகிறது, யாரோ உள்ளே விளக்கோடு நடமாடுகிற மாதிரி. மேலே கூரையில் எட்டுப் பட்டைகள் ஒன்றை ஒன்று வெட்டி நடுவில் ஒரு பூ. பேசாமல் இருக்க முடியவில்லை. "ஹெலன், அந்தச் செவப்பு வெள்ள வளைவு பாத்தியா, நம்ம கோயில் மதிலு, காவிப்பட்ட, அதேதான், அத வளச்சு வச்சுருக்கான், நான் நெனச்சு நெனச்சுப் பாத்தேன், இப்பம் இத பாரு, இந்த எழுத்து, அது படமா எழுத்தான்னே தெரியல, ஒரு துண்டு எவ்ளோ சின்னது பாரு, அரிசி அளவுகூட இல்ல, எத்தன பேர் எத்தன வருஷம் குந்தி ஒட்டிருப்பான், நாம ரஃப் நோட்ல எழுதும்போது இது இங்கன இப்படியே எரிஞ்சுக்கிட்டு இருந்துருக்குட்டி, நாம எழுதுனது இதுக்குத் தெரியாது, நமக்கு இது இருக்கது..."

"வடிவு."

"இரு, மேல பாரு, அந்தப் பட்ட ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுது பாரு..."

"ஏ வடிவு. கீழ பாரு."

அவள் குரல் என்னை நிறுத்தவில்லை. அவள் முகம் நிறுத்தியது. எல்லாரும் மேலே பார்க்கிற இடத்தில் அவள் மட்டும் குனிந்திருந்தாள். பின்னால் யாரோ தள்ளியதில் அவள் என் பக்கம் ஒதுங்கியிருக்கிறாள். அவளுடைய வலது ஷூ, செவிலில் வாங்கிய வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ, தடித்த அடி, என் இடது கால் விரல்கள் ஐந்தின் மேலும் முழுசாக நிற்கிறது. நான் அந்த ஷூவைப் பார்க்கிறேன். பார்ப்பது தெரிகிறது. வேறு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை எடுத்தால் அங்கே ஷூ இல்லை, கண்ணை வைத்தால் இருக்கிறது.

"நான் எம்பத்திரண்டு கிலோட்டி" என்றாள் ஹெலன், மெதுவாக.

காலை எடுத்தாள். என் விரல்களில் அவள் ஷூவின் அடி வரிவரியாகப் பதிந்திருந்தது. வெள்ளை வரி, பிறகு நான் பார்க்கப் பார்க்க அது சிவந்து வந்தது. யாருடைய காலோ சிவப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். பந்தயம், குதிகால், பக்கத்து வீட்டுக் குளிர், கிரனாடாவில் இன்னொரு தடவை, எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஹெலன் என்னைக் கூட்டத்திலிருந்து இழுத்து ஒரு தூணின் பக்கம் தரையில் உட்கார வைத்தாள். அவளும் மூச்சிரைக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு செல்போன் விளக்கை அடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள், பேன் பார்க்கிற மாதிரி. காயம் இல்லை. ரத்தம் இல்லை.

"எப்பத்துலேர்ந்து?"

"தையிலேர்ந்து." என் குரல்தான். ரொம்பச் சாதாரணமாக வந்தது.

விரல் விட்டு எண்ணினாள். "ஒம்பது மாசம். ஒம்பது மாசத்துல பிள்ளையே பெத்துருக்கலாமேட்டி. அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"டாக்டருக்கு?"

"பொய் சொன்னேன்."

"எனக்கும் மிதிச்சாத்தான் தெரியணும், என்ன?" கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. அதை மறைக்கக் கோபப்பட்டாள். "மூதி. சவத்து மூதி. நான் ஒனக்கு யாருட்டி?"

"சொன்னா ஊருக்குத் திரும்பிருவோம்னு சொல்லுவ. இன்னும் நாலு ஊரு இருக்கு ஹெலன்."

நீலக் கோட்டுக்காரி திரும்ப வந்துவிட்டாள், தரையில் உட்காரக் கூடாது என்கிறாள் போல, கையால் எழும்பு எழும்பு என்கிறாள். ஹெலன் தலையைத் தூக்காமலே, "இரும்மா, ஒரு நிமிசம், கொள்ளையா போவுது?" என்றாள், சுத்தமான திருநெல்வேலித் தமிழில். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, என் காலையும் ஹெலன் முகத்தையும் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய், கூட்டம் எங்கள் மேல் ஏறிவிடாதபடி குறுக்கே நின்றுகொண்டாள்.

"கேளு" என்றாள் ஹெலன். "இன்னைக்கே இந்த ஊர்ல ஒரு டாக்டர்ட்ட காட்டுதோம். நான் பக்கத்துல இருப்பேன், அங்க பொய் சொன்னா பல்லத் தட்டிருவேன். அவன் நடக்கலாம்னா கிரனாடா. வேண்டாம்னா வீடு. சம்மதமா?"

வீடு என்ற சொல் நெஞ்சில் இடித்தது. நேப்பிள்ஸ், ரோம், ஏதென்ஸ் ஒவ்வொன்றாக வரிசையில் பின்னால் போய் நின்றன. போகட்டும் என்று தோன்றவில்லை. வேண்டும், எல்லாம் வேண்டும், அந்தத் தங்கம் இன்னும் கண்ணுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. ஆனாலும், "சரி" என்றேன். சொல்லிவிட்டு நானே ஆச்சரியப்பட்டேன்.

ஹெலன் தன் ஷூ இரண்டையும் கழற்றினாள். கூட்டத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. மஞ்சள் சாக்ஸோடு, அதில் ஒரு பெருவிரல் எட்டிப் பார்க்க, முட்டி போட்டு உட்கார்ந்து என் காலில் மாட்டிவிட்டாள். அவளுக்கு எட்டாம் நம்பர், எனக்கு ஆறு. கயிற்றை இழுத்து இறுக்கி முடிந்தாள். எழுந்து நின்றேன். வலது காலைச் சுற்றி அவள் காலின் சூடு, ஈரத்தோடு, மொத்தமாக வந்து கவ்விக்கொண்டது. இடது காலைப் பார்த்தேன். கயிறு கட்டியிருக்கிறது. இருக்கிறது.

"ஹெலன்."

"என்னட்டி?"

"இடது ஷூவுக்குள்ளயும் சூடா இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "நல்லா சூடா இருக்கு."